நன்றி நோட்டு எழுதுவது எப்படி

கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை என்று மூன்றே விவரம்தான் இருக்கும். முப்பது வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தாலும் யார் வந்தார், என்ன செய்தார் என்று தெரிந்துவிடும். மற்ற உதவிகளுக்கு அப்படி ஒரு நோட்டு பெரும்பாலான வீடுகளில் கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவர், வேலை போன மாதத்தில் வாடகைக்குக் கைமாற்று தந்தவர், பிரசவ வார்டு வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் என்று எத்தனையோ பேர். எல்லாரும் நினைவில் இருப்பதாகத்தான் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கொஞ்ச நாளில் விவரம் மங்கி, ‘நல்லவங்க’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சுகிறது. அவர்களோடு ஏற்பட்ட மனக்குறையோ தேதி, நேரம், சொன்ன வார்த்தை உட்பட அப்படியே இருக்கிறது.

‘இருப்பது போதும்’ என்ற நிறைவு, மனசுக்குக் கட்டளை போட்டால் வருவதில்லை. யார், என்ன செய்தார், அதற்காக எதை இழந்தார் என்று விவரமாக எழுதிப் பழகும்போது தானாக வருகிறது. பொதுப்படையாக நன்றி சொல்பவருக்குப் பலன் குறைவு.

நோட்டும் மூன்று கட்டமும்

80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். தேதி அச்சடித்த டைரி வேண்டாம். நான்கு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தே சோர்ந்து மூடி வைத்துவிடுவீர்கள். போனில் எழுதுவதும் சரிவராது. எழுத எடுத்த கை அடுத்த நிமிடம் வாட்ஸ்அப்பில் இருக்கும்.

பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் பெயர். இரண்டாவதில் அவர் செய்தது. மூன்றாவதில், அதைச் செய்ய அவருக்கு என்ன செலவானது. செலவு என்றால் பணம் மட்டுமில்லை. தூக்கம், ஒரு நாள் லீவு, வெயிலில் நின்றது, வேண்டாதவரிடம் போய்ப் பேசியது, வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கியது எல்லாம் செலவுதான். இந்த மூன்றாவது கட்டத்தை விட்டால் நோட்டு வெறும் பட்டியலாகிவிடும்.

‘குடும்பம் நல்லா இருக்கு, கடவுளுக்கு நன்றி’ என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. நாளைக்கும் இதே வரிதான் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அண்ணி. நான் வர பத்து மணி ஆகும்னு தெரிஞ்சு ரெண்டு தோசைக்கு மாவு எடுத்து வெச்சிருந்தாங்க. காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும், இருந்தும் தூங்காம இருந்து ஊத்திக் கொடுத்தாங்க.’ எழுதும்போதே அந்த அடுப்படி கண்முன் வருகிறதல்லவா, அந்த அளவுக்கு விவரம் வேண்டும். பேச்சுத் தமிழில் எழுதுங்கள். மேடைத் தமிழில் எழுதினால் மனசு ஒட்டாது.

முதல் 7 நாள் தினமும் இரவு, படுக்கும் முன் பத்து நிமிடம், மூன்று குறிப்பு. எட்டாம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, ஞாயிறு இரவு, அதிகம் போனால் ஐந்து குறிப்பு. தினமும் எழுதினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். பலருக்கு அங்கேதான் இது நின்றுபோகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை, நன்றிக்குரிய விஷயங்களை ஐந்து வரை எழுதினார்கள். அன்றாடத் தொல்லைகளை எழுதிய குழுவைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005 ஆய்வில், நடந்த நல்லது மூன்றையும் அவை ஏன் நடந்தன என்பதையும் ஒரு வாரம் தினமும் எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மாற்றம் தெரிந்தது. சோன்யா லூபோமிர்ஸ்கியின் ஆய்விலோ, வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் அது வீட்டுப்பாடமாகி, கை மட்டும் எழுதும். அதனால்தான் தொடக்கத்தில் ஒரு வாரம் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு.

இரண்டு தவறுகள் அடிக்கடி நேரும். ஒன்று, அம்மா, வீடு, ஆரோக்கியம் என்று அதே மூன்றைத் திரும்பத் திரும்ப எழுதுவது. அதற்கு ஒரு விதி: போன வாரம் வந்த பெயர் இந்த வாரம் வரலாம், போன வாரம் வந்த செயல் வரக்கூடாது. இன்னொன்று, ‘பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கிற கஷ்டத்துக்கு நமக்குப் பரவாயில்லை’ என்று எழுதுவது. இது நன்றி இல்லை, ஒப்பீடு. கீழே பார்த்து ஆறுதல் அடையப் பழகிய கண் நாளைக்கு மேலே பார்த்துப் புழுங்கவும் செய்யும். ஒப்பிட்டு ஆறுதல் தேட அடுத்தவர் கஷ்டம் நோட்டில் வரவே கூடாது.

குடும்பம்: கண்ணுக்குத் தெரியாத உதவிகள்

தலையில் மல்லிகை வைத்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் அந்த வாசம் தெரியாமல் போகும். எதிரில் வருபவருக்குத்தான் தெரியும். குடும்பம் செய்யும் உதவிகளும் அப்படித்தான், தினமும் நடப்பதாலேயே கண்ணில் படுவதில்லை. அதனால் குடும்பத்துக்கு மட்டும் நோட்டு போதாது, கொஞ்சம் ஆழமாகத் தோண்ட வேண்டும்.

அதற்கு ஜப்பானில் இஷின் யோஷிமோட்டோ (1916–1988) உருவாக்கிய நைகான் முறை நன்றாக உதவும். நைகான் என்றால் உள்ளே பார்ப்பது. ஜோடோ ஷின்ஷு பௌத்தர்களில் சிலர் பட்டினி கிடந்து, தூக்கம் விட்டுச் செய்த கடுமையான தன்னாய்விலிருந்து அவர் அந்தக் கடுமையை நீக்கி, யாரும் செய்யக்கூடியதாக மாற்றினார். முழுப் பயிற்சி ஒரு வாரம். அறையின் மூலையில் மடக்குத் தடுப்புக்குப் பின்னால் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வழிநடத்துபவர் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போவார். வழக்கமாக அம்மாவில் தொடங்குவார்கள்.

வீட்டில் செய்ய 30 நிமிடம் போதும். ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், அவரோடு கழிந்த ஒரு காலகட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அம்மா, நான் 6-ஆம் வகுப்பிலிருந்து 9 வரை’ என்பதுபோல. மூன்று கேள்விகள்: அவரிடமிருந்து நான் பெற்றது என்ன? நான் அவருக்குத் திருப்பிச் செய்தது என்ன? என்னால் அவருக்கு வந்த தொல்லை என்ன? முதல் இரண்டுக்கும் ஆறாறு நிமிடம், மூன்றாவதற்கு 18 நிமிடம். ‘அவரால் எனக்கு வந்த தொல்லை என்ன’ என்ற நான்காவது கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கை எல்லாரும் ஏற்கெனவே தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

எண் போட்டு எழுதுங்கள். ‘அம்மா பாசமா பார்த்துக்கிட்டாங்க’ என்பது பதில் இல்லை. வருடத்துக்கு ஏறக்குறைய 200 பள்ளி நாள் என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு 800 டிபன் பாக்ஸ். அதில் எத்தனை முறை சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவந்தோம், ‘இன்னிக்கும் தயிர்சாதமா’ என்று எத்தனை முறை முகம் சுளித்தோம் என்பது மூன்றாவது கேள்விக்குப் போகும். இரண்டாவது கேள்வியில் பேனா நின்றுவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்த வெற்றிடம் தெரிவதற்காகத்தான் அந்தக் கேள்வி. ஆனால் 30 நிமிடம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் நன்றி தன்னைத்தானே திட்டிக்கொள்வதாக மாறும்.

உட்கார்ந்து எழுதுவது யாருக்காவது ஒத்துவராவிட்டால் வேறு வழி உண்டு. வீட்டில் ஒருவர் வழக்கமாகச் செய்யும் வேலை ஒன்றை ஒரு நாள் முழுதாக நீங்கள் செய்யுங்கள். இட்லி மாவு என்றால் அரிசியும் உளுந்தும் களைந்து ஊறவைப்பதில் தொடங்கி, ஆட்டி, வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து, கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிக் கவிழ்ப்பது வரை. பாதியில் யாரையும் கூப்பிடக் கூடாது. மூன்றாவது கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அன்று இரவு இடுப்பே சொல்லும்.

‘நன்றி’ என்ற சொல் இல்லாமல்

எழுதியதை உரியவரிடம் சேர்ப்பதில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் அம்மாவிடமோ மனைவியிடமோ ‘நன்றி’ என்றால் யாரோ மூன்றாம் மனிதர் பேசுவதுபோல் ஒலிக்கும். ‘எங்கிட்ட எதுக்கு தேங்க்ஸ் எல்லாம்?’ என்று கோபித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே சொல்லைக் கைவிட்டு விவரத்தைச் சொல்லுங்கள். செயலைச் சொல்லி, அதன் செலவு உங்களுக்குத் தெரியும் என்று சொல்லி, அதனால் விளைந்ததைச் சொல்லி நிறுத்துங்கள். ‘அப்பா, நான் காலேஜ் சேர்ந்தப்ப நீங்க வண்டிய வித்துட்டு ரெண்டு வருஷம் பஸ்ல போனீங்க. அப்ப எனக்குப் புரியல. அந்த ஃபீஸ் கட்டலன்னா இந்த வேலை இல்ல.’ இவ்வளவுதான்.

நேருக்கு நேர் உட்காரவைத்துச் சொன்னால் இருவருக்கும் சங்கடம். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது, கண்ணும் கையும் வேறு வேலையில் இருக்கையில் சொல்லுங்கள். ‘அதுக்கென்ன இப்ப?’ என்றோ ‘சரி சரி, சாப்பிட்டியா?’ என்றோதான் பதில் வரும். அதற்கு மேல் விளக்க வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டது. ஏதாவது கேட்க வேண்டிய நாளில் சொல்லாதீர்கள். அன்று சொன்னால் அது பீடிகையாகிவிடும். அதே நேரத்தில் பரிசும் கொடுக்காதீர்கள், பேச்சு புடவையின் விலைக்குப் போய்விடும்.

மனக்கசப்பு உள்ள உறவு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அவருக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். கொன்றதுபோன்ற தீமை செய்தவராக இருந்தாலும், அவர் முன்பு செய்த நன்மை ஒன்றை நினைத்தால் அந்த வலி மறையும் என்று 109-ஆம் குறள் சொல்கிறது. பத்து நன்மை தேட வேண்டியதில்லை, ஒன்று போதும். அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

நண்பர்கள்: ஒரு பக்கக் கடிதம்

குடும்பத்தில் சொல்லாமல் விட்டாலும் தினமும் முகம் பார்க்கிறோம். நண்பர்கள் ஊர் மாறிப் போய்விடுவார்கள், பிறகு சொல்லவே வாய்க்காது. சரியாக நன்றி சொல்லப்படாத ஒரு நண்பரை, ஆசிரியரை, பழைய அறைத்தோழரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம், 250 முதல் 300 சொல். அவர் செய்தது எப்போது, எங்கே என்று முதலில் வரட்டும். அடுத்து அப்போது உங்கள் நிலை. பிறகு அவருக்கு ஆன செலவு. கடைசியாக, அதனால் இன்று நீங்கள் எங்கே இருக்கிறீர்கள். பழைய மன்னிப்புகளையும் புதிய உதவிக் கோரிக்கைகளையும் இதில் கலக்காதீர்கள். அவற்றுக்குத் தனிக் கடிதம் எழுதிக்கொள்ளலாம்.

முடிந்தால் நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். இயலாவிட்டால் போனில் வாசியுங்கள், அல்லது இரண்டு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புங்கள். குரூப்பில் போடாதீர்கள். நாலு பேர் கைதட்டும் எமோஜி போட்டதும் அது பொது நிகழ்ச்சியாகிவிடுகிறது. பலரும் எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொள்வதற்குக் காரணம் கூச்சம்: ‘இப்ப போய் இதை அனுப்பினா என்ன நினைப்பாங்க?’ அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கடிதம் பெறுபவருக்கு ஏற்படும் மகிழ்ச்சியை எழுதியவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள், சங்கடத்தைக் கூட்டி மதிப்பிட்டார்கள். சொல் சரியாக அமைந்ததா என்று எழுதுபவர் கவலைப்படுகிறார், பெறுபவரோ அதில் உள்ள அன்பைத்தான் பார்க்கிறார். மேலே சொன்ன 2005 ஆய்வில், கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சிதான் உடனடி அளவில் மிகப் பெரியது. ஆனால் ஒரு மாதம் வரை நீடித்த அது மூன்று மாதத்தில் தணிந்துவிட்டது. ஆகவே வருடத்துக்கு ஒன்று என்று ஒதுக்காமல் இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி பார்க்கும் நண்பரிடம் சலிப்புத் தட்டினால் வேறொரு பயிற்சி. ‘இவரைச் சந்திக்காமலே போயிருக்க எத்தனை வாய்ப்பு இருந்தது?’ என்று நான்கு வரி எழுதுங்கள். அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போயிருக்கலாம், வேறு பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட்டிருக்கலாம். நல்லது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட, எப்படி நடக்காமல் போயிருக்கலாம் என்று எழுதியவர்களின் மனநிலை மேம்பட்டதை மின்க்யுங் கூ குழுவின் 2008 ஆய்வு காட்டியது. ஒரு எச்சரிக்கை: அவர் இறந்துபோவதாகக் கற்பனை செய்யாதீர்கள். அது பயத்தைத்தான் தரும். சந்திக்காமல் போயிருப்பதை மட்டும் நினையுங்கள்.

இறைநம்பிக்கை: கேட்பதற்கு முன்

வழிபாட்டில் பெரும்பகுதி வேண்டுதலுக்கே போய்விடுகிறது. நேர்த்திக்கடன் செலுத்துவது நல்ல பழக்கம்தான், ஆனால் கேட்டது கிடைத்த பிறகுதான் அது வருகிறது. கேட்காமலே கிடைத்தவற்றுக்கு இடம் வேண்டும். விளக்கேற்றியதும் முதல் இரண்டு நிமிடம் எதையும் கேட்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டிலிருந்து ஒரு வரியைச் சொல்லி, அந்த மனிதரை அனுப்பியதற்காக வணங்குங்கள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கலாம்.

ஒவ்வொரு மதத்திலும் இதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொழுகைக்குப் பின் 33 முறை அல்ஹம்துலில்லாஹ் (புகழெல்லாம் இறைவனுக்கே) ஓதுபவர்கள், அடுத்து வரும் துஆ என்ற வேண்டுதலில் அன்று உதவிய ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்காகக் கேட்கலாம். 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மச் சோதனை ஐந்து படிகள் கொண்டது: பெற்ற நன்மைகளுக்கு நன்றி, தன் பாவத்தை அறிய அருள் கேட்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, அடுத்த நாளுக்கான தீர்மானம். குற்றம் தேடுவதற்கு முன்னால் நன்றியை வைத்த அந்த வரிசையை மாற்றாமல் 15 நிமிடத்தில் செய்யலாம். தர்ப்பணம் செய்யும் வீடுகளில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயர் சொல்கிறார்கள். அமாவாசைக்கு முந்தின இரவு, அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஆளுக்கு ஒரு வரி எழுதிவைத்தால், மறுநாள் சொல்லும் பெயருக்கு உயிர் வரும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கும் இது பொருந்தும்.

நோன்பும் விரதமும் இதில் சேர்ந்தவையே. பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் இருந்து நோன்பு திறக்கும்போது வாயில் வைக்கும் பேரீச்சம்பழத்தின் ருசி, சும்மா சாப்பிடும் நாளில் வருவதில்லை. பழகி மழுங்கியதைக் கொஞ்ச நாள் நிறுத்தினால் அது மீண்டும் கூர்மையாகிறது. ஒரு வாரம் சாக்லேட் சாப்பிடாமல் இருந்தவர்கள் அதன்பின் அதை அதிகம் ரசித்ததை 2013-இல் ஒரு ஆய்வும் காட்டியது. விரத நாள் இல்லாதவர்கள் வாரத்தில் ஒரு நாள் காப்பியையோ, இரவு டிவியையோ விட்டுப் பார்க்கலாம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ஆயுத பூஜையின் வழி உகந்தது. கைக்கு உழைத்த கருவியைத் துடைத்து வைக்கும் நாள் அது. அதுபோல, தட்டில் இருக்கும் சோறு வந்த வழியைப் பின்னோக்கி ஐந்து கை வரை எண்ணுங்கள்: சமைத்தவர், கடைக்காரர், மூட்டை தூக்கியவர், அரவை ஆலையில் நின்றவர், நாற்று நட்டவர். தெருவைக் கூட்டுபவரின் பெயரைத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லிப் பேசுங்கள்.

எப்போது செய்யக்கூடாது

துக்கம் நடந்த வீட்டில், பதினாறு நாள் கூட ஆகாத நிலையில், ‘இருக்கிறதுக்கு நன்றி சொல்லு’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அழ வேண்டிய நேரம் அது. அடி, மிரட்டல், அவமானம் நடக்கும் உறவில் நைகான் செய்யவே கூடாது. ‘அவர் செஞ்ச நல்லதும் இருக்கே’ என்ற எண்ணம் அங்கே மனிதரைச் சிக்கவைக்கும். இந்தியாவில் பெண்கள் 181 எண்ணில் உதவி கேட்கலாம். தூக்கம், பசி, வேலை எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது நோட்டால் தீராது, மருத்துவரிடம் போக வேண்டும். மனநல உதவிக்கு அழைக்க இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926.

பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தி எழுதவைக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் பெரியவர்கள் தங்களுடைய ஒரு வரியைச் சொன்னால் போதும், கொஞ்ச நாளில் அவர்களும் சொல்லத் தொடங்குவார்கள். மொய் நோட்டைப் போலத் திருப்பிச் செய்யவேண்டிய கடனாகவும் இதைப் பார்க்காதீர்கள். பெயருக்கு எதிரே ‘பதிலுக்கு என்ன செய்வது’ என்று எழுதத் தொடங்கினால் அடுத்த உதவியை வாங்கவே மனசு கூசும்.

வருடத்துக்கு ஒருமுறை, போகிக்கு முந்தின இரவோ டிசம்பர் 31-ஆம் தேதி ஆராதனைக்குக் கிளம்பும் முன்னோ, நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் பெயர்களை மட்டும் எடுத்தெழுதி, நேரிலோ கடிதத்திலோ சொல்லிவிட்டவர்களுக்கு டிக் போடுங்கள். டிக் விழாத பெயர்களை வயது வரிசையில் அடுக்குங்கள். முதல் கடிதம் மூத்தவருக்கு.